முதலில் மின்னஞ்சலைப் பூட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணையப் பாதுகாப்பு என்றாலே 'மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றுங்கள்' என்ற அறிவுரைதான் முதலில் வந்து நிற்கிறது. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே அதைக் கைவிட்டுவிட்டது. பாஸ்வேர்டு கசிந்ததற்கான தடயம் இருந்தால் மட்டும் மாற்றச் சொன்னால் போதும் என்பது அதன் வழிகாட்டுதல். கெடு வைத்து மாற்றச் சொன்னால் 'முல்லை@2023' அடுத்த முறை 'முல்லை@2024' ஆகும், அவ்வளவுதான். பழையது கையில் இருப்பவனுக்குப் புதியதை ஊகிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்?

பெரிய ஆபத்து, ஒரே பாஸ்வேர்டைப் பல இடங்களில் வைப்பது. 2012-ல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து திருடப்பட்ட பாஸ்வேர்டுகள் சுமார் 11.7 கோடி, 2016-ல் விற்பனைக்கு வந்தன. அவை ஹாஷ் செய்யப்பட்டவைதான், அதாவது நேரடியாகத் திருப்பிப் படிக்க முடியாத குறியீடாக மாற்றப்பட்டவைதான். ஆனால் ஹாஷ் செய்யுமுன் பாஸ்வேர்டுடன் சேர்க்கும், ஆளுக்கு ஆள் மாறவேண்டிய 'சால்ட்' என்ற எழுத்துக் கலவை சேர்க்கப்படவில்லை. ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்த அத்தனை பேருக்கும் ஒரே ஹாஷ். ஒன்றை உடைத்தால் எல்லாம் உடைந்தது. இப்படிக் கிடைக்கும் பட்டியலைத் திருடர்களின் மென்பொருளே ஒவ்வொரு தளமாகப் போட்டுப் பார்க்கும்.

எல்லாக் கணக்கையும் ஒரே நாளில் சரிசெய்ய முடியாது. மின்னஞ்சலில் தொடங்குங்கள். மற்ற கணக்குகளின் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' இணைப்பெல்லாம் அங்கேதான் வந்து விழுகிறது. புதிய பாஸ்வேர்டு வைத்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. மின்னஞ்சலின் அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) போய், அஞ்சல் வேறு முகவரிக்குத் தானாக அனுப்பப்படுகிறதா, அஞ்சலைத் தானாகப் பிரித்து ஒதுக்கும் ஃபில்டர் நீங்கள் போடாதது ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே நுழைந்தவன் விட்டுச் செல்லும் பின்கதவு அது. பாஸ்வேர்டு மாறினாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். பிறகு, உள்நுழைந்திருக்கும் கருவிகளில் அறியாதவற்றை வெளியேற்றுங்கள். கணக்கை மீட்கக் கொடுத்துவைத்த போன் எண் இப்போது உங்களிடம் இருக்கும் எண்தானா என்பதையும் பாருங்கள்.

மற்ற கணக்குகளுக்கு பிட்வார்டன், கீபாஸ் போன்ற பாஸ்வேர்டு மேனேஜர் போதும். தளத்துக்கு ஒரு பாஸ்வேர்டு உருவாக்கி, பூட்டி வைத்து, வேண்டிய இடத்தில் நிரப்பித் தரும் செயலி அது. மனதில் நிறுத்தவேண்டியது அதைத் திறக்கும் ஒரு தொடரை மட்டுமே. அதை நீங்களாக யோசித்து வைக்காதீர்கள். பழமொழியும் பாட்டு வரியும் திருடனுக்கும் தெரியும். பகடை உருட்டிச் சொல் தேர்ந்தெடுப்பதற்கென்றே உள்ள டைஸ்வேர் பட்டியலில் 7,776 எண்ணிட்ட சொற்கள் உண்டு. ஐந்து முறை பகடை உருட்டினால் ஒரு சொல். ஆறு சொல் எடுத்தால், சாத்தியமான தொடர்கள் இரண்டுக்குப் பின் 23 சுழி போட்ட எண்ணைத் தாண்டும். மனதில் பதியும்வரை தாளில் எழுதி வீட்டில் வைத்திருப்பதில் தவறே இல்லை.

மேனேஜரிடம் இன்னொரு நன்மையும் உண்டு. அது பக்கத்தின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை, முகவரியைப் பார்க்கிறது. வழக்கமாக நிரப்பும் இடத்தில் அது பேசாமல் இருந்தால், நகலெடுத்து ஒட்ட அவசரப்படாதீர்கள். முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஓர் எழுத்து மாறிய போலித் தளமாக இருக்கலாம்.

குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி, ஒன்றுமே இல்லாததற்கு நிச்சயம் மேல். ஆனால் உங்கள் எண்ணை வேறு சிம்முக்கு மாற்றிக்கொள்பவனிடம் அதுவும் போய்விடும். அதைவிட, 30 நொடிக்கொரு முறை எண் மாறும் ஆத்தென்டிகேட்டர் செயலி நல்லது. போன் கடிகாரம் பிசகினால் அந்த எண் செல்லாது. நேரத்தைத் தானியங்கியாக வையுங்கள். பலர் மாட்டிக்கொள்வது போனை மாற்றும் நாளில்தான். செயலியைப் புதிய போனுக்குக் கொண்டுபோய், அதில் வரும் எண்ணைக் கொண்டு ஒருமுறை உள்நுழைந்து பார்த்த பிறகே பழையதை அழியுங்கள். ஜிமெயில் தரும் 10 மாற்றுக் குறியீடுகளையும் அச்செடுத்து வையுங்கள். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். ஆனால் போலிப் பக்கத்தில் தட்டச்சு செய்தால் செயலி காட்டும் எண்ணும் திருடுபோகும். அதனால், எதையும் தட்டச்சு செய்யாமல் கைரேகை அல்லது போன் பூட்டைக் கொண்டே உள்நுழையும், போலித் தளத்தில் வேலை செய்யாத பாஸ்கீ வசதி இருக்கும் தளங்களில் அதையே தேர்ந்தெடுங்கள்.

தளங்களை நடத்துவோரிடமும் ஒரு வேண்டுகோள். பாஸ்வேர்டுப் பெட்டியில் ஒட்டுவதைத் தடுப்பதும், 12 எழுத்துக்கு மேல் ஏற்க மறுப்பதும் பாதுகாப்பு ஆகாது. மேனேஜர் வைத்திருப்பவரையே அது பலவீனமான பாஸ்வேர்டுக்குத் தள்ளுகிறது. ஒட்ட அனுமதியுங்கள், 64 எழுத்துவரை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தகவல் பாதுகாப்புத் துறையில் பணிபுரியும் வாசகர்