பலகை நடுவதற்கு முன்

உ

வரடேரோ, கியூபா
8 ஜனவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நல்ல சுகம். அம்மாவின் மூக்கு நுனி வெயிலில் கறுத்துவிட்டது. அதற்கு நான்தான் காரணம் என்று தீர்ப்பாகியிருக்கிறது. இங்குள்ள இணையம் கடன் வாங்கிய ஆளைப் போன்றது. தேடும் நேரத்தில் அகப்படாது. அதனால் வரவேற்பு மேசையில் நான்கு தாள் கேட்டு வாங்கிப் பேனையால் எழுதுகிறேன். சனிக்கிழமை ரொறன்ரோவில் இறங்கியதும் தபாலில் சேர்ப்பேன். உன் கைக்கு வரும்போது இதில் உள்ள செய்தியெல்லாம் பழஞ்சோறாகியிருக்கும், ஒன்றைத் தவிர. அதைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போதே தாளைத் திருப்பிப் பார்க்காதே.

"ஒரு கிழமைக்காவது ஒட்டாவாவை மறந்துவிட்டுக் கடலைப் பாருங்கள், அப்பா" என்று சொல்லி அனுப்பினாய். மூன்று நாள் பார்த்தேன். காரைநகர்க் கசூரினாக் கடலில் குளித்து வளர்ந்தவன் நான்; நீலத்தில் இத்தனை வகை உண்டென்று எனக்கே இங்கு வந்துதான் தெரிந்தது. நான்காம் நாள், திங்கட்கிழமை காலை, அம்மா துவாயை விரித்துச் சாய்வு நாற்காலிக்கு இடம் பிடிக்கப் போய்விட்டாள். கோப்பி எடுக்கப் போன நான், லொபியில் ஒரு தூணடியில் ஏழெட்டுப் பேர் குனிந்த தலை நிமிராமல் நிற்பதைக் கண்டேன். யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து விரைந்தேன். எல்லோரும் கனடாக்காரர், எல்லோர் கையிலும் கைபேசி. அந்தத் தூணடியில்தான் இணையம் கொஞ்சம் தங்கும். குளிர்காலத்தில் கியூபாவுக்கும் ஒட்டாவாவுக்கும் ஒரே நேரம். மணி பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒட்டாவாவில் பிரதமர் குடியிருக்கும் ரிடோ கொட்டேஜ் வாசலில் ஜஸ்டின் ட்ரூடோ வந்து நின்றார். அவர் வெளியே வருவதற்கு முன்பே பேச்சுத் தாள்களைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டதாம். நீச்சல் காற்சட்டையோடு நின்ற எங்களுக்கு அவருடைய குளிர் அங்கியைப் பார்க்கவே வேர்த்தது. "நேற்றிரவு சாப்பாட்டு மேசையில், இப்போது உங்களிடம் சொல்லப்போகும் முடிவை என் பிள்ளைகளிடம் சொன்னேன்" என்றார். அந்த இடத்தில் என் கைபேசியில் படம் நின்றுவிட்டது. பிரதமர் வாயைப் பாதி திறந்தபடி நிற்கிறார். என்ன முடிவு? தூணைச் சுற்றி வந்தேன், கையை உயர்த்திப் பிடித்தேன், அசையவில்லை. அப்போது உன்னுடைய குறுஞ்செய்தி வந்து விழுந்தது: "ஒருவழியாக!"

கனடாவின் பிரதமர் பதவி விலகுகிறார் என்பதை நான் அவர் வாயால் கேட்கவில்லை, தம்பி. உன்னிடமிருந்துதான் அறிந்தேன். ஒரு சொல்லுக்கு வழி விட்ட இணையம் பிரதமருக்கு விடவில்லை. பக்கத்தில் நின்ற அல்பேர்ட்டாக்காரர் கையைத் தட்டினார். கியூபெக் அம்மா ஒருத்தி ஒன்றும் சொல்லாமல் கோப்பி மேசைக்குப் போய்விட்டார்.

உன் மகிழ்ச்சியை நான் குறை சொல்லவில்லை. ட்ரூடோ எரிபொருளுக்குப் போட்ட அந்தக் காபன் வரியைப் பற்றி நீ பேசத் தொடங்கினால் கல்கரியில் உன் வீட்டுச் சூடாக்கி தேவையில்லை என்று அம்மா சொல்வாள். டிசம்பர் 16ஆம் தேதி, பொருளாதார அறிக்கை வாசிக்கவேண்டிய காலையிலேயே கிறிஸ்டியா ஃபிறீலண்ட் விலகல் கடிதம் கொடுத்தபோதே எனக்கும் விளங்கிவிட்டது. நிதியமைச்சர் இல்லாமல் வந்த அறிக்கையில் 61.9 பில்லியன் டொலர் பற்றாக்குறை. இதற்கிடையில் எங்களுக்கு இரண்டு மாத விற்பனை வரி விடுமுறை. ஸ்காபரோவில் கொத்துரொட்டிக்கு 13 வீத வரி இல்லை என்று கடையில் சிரித்தார்கள். நானும் இரண்டு பொதி வாங்கினேன், மறைப்பானேன். ஆனால் சாப்பிடும்போதே, இது கொத்துரொட்டியால் காப்பாற்றக்கூடிய அரசாங்கம் அல்ல என்று தோன்றியது.

அன்று பின்னேரம் இளநீர் வெட்டிக் கொடுப்பவரிடம் போனேன். பக்கத்து ஊரான கார்டெனாஸில் இருந்து வருகிறவர், ஏறக்குறைய என் வயது. கனடாக்காரரிடம் பொறுக்கிய ஆங்கிலத்தில், "ட்ரூடோ முடிந்ததா?" என்று கேட்டார். கேட்பதற்கு முன் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அந்தப் பார்வை உனக்குத் தெரியாது. எங்கள் ஊர்ச் சந்தியில் 1989ஆம் ஆண்டு வரை ஒவ்வொரு நாளும் நான் பார்த்த பார்வை. பார்த்ததென்ன, நானும் அப்படித்தான் பார்த்தேன். கனடாப் பிரதமர் ஒருவரைப் பற்றிக் கேட்கவும் அந்தப் பழக்கம் கழுத்தைத் திருப்புகிறது.

அவருக்குத் தெரிந்த ட்ரூடோ தகப்பன். 1976 ஜனவரியில், அப்போது பிரதமராக இருந்த பியேர் ட்ரூடோ மனைவியோடும், நான்கு மாதம்கூட நிரம்பாத கடைசி மகன் மிஷேலோடும் கியூபாவுக்கு வந்தார். சியன்ஃபுவேகோஸ் நகரில் கூட்டத்தின் முன்னால் கியூபா வாழ்க, காஸ்ட்ரோ வாழ்க என்று ஸ்பானிய மொழியில் முழங்கிவிட்டுப் போய், கனடாவில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். 2000ஆம் ஆண்டு அவர் இறந்தபோது ஃபிடல் காஸ்ட்ரோ மொன்றியலுக்குப் போய்ப் பிரேதம் சுமப்பவர்களின் கௌரவ வரிசையில் நின்றார். இளநீர்க்காரருக்கு இதெல்லாம் நேற்று நடந்ததுபோல. பிறகு கேட்டார்: "மகன் தானாகப் போகிறாரா, போகச் சொன்னார்களா?"

இரண்டும்தான் என்றேன். அது எப்படி என்றார். சொந்த லிபரல் கட்சி உறுப்பினர்களே போகச் சொன்னார்கள், அவர் தானாக வாசலுக்கு வந்து போகிறேன் என்றார், நாளைக்கும் அதே வீட்டில்தான் இருப்பார், யாரும் யாரையும் பிடிக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். கத்தியைக் குற்றியில் குத்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றும் பேசாமல் எனக்கு இன்னொரு இளநீர் சீவினார். காசு வாங்கவில்லை.

தகப்பன் போன கதையும் நினைவுக்கு வந்தது. 1984 பெப்ரவரி 28 இரவு பியேர் ட்ரூடோ பனிக்குள் நெடுநேரம் தனியாக நடந்துவிட்டு, மறுநாள் 29ஆம் தேதி விலகுவதாக அறிவித்தார். தகப்பனுக்குப் பனி, மகனுக்குக் காற்று. இதில் ஒரு வேடிக்கை: அந்த ஆண்டே ஆட்சியைப் பிடித்த கன்சர்வேட்டிவ் தலைவர் பிரையன் மல்ரோனி கண்ணை மூடியதும் ஒரு பெப்ரவரி 29இல்தான், போன ஆண்டு.

மல்ரோனி என்றதும் உனக்குச் சிரிப்பு வரும். போன தைப்பொங்கலுக்கு இதே பெயரைச் சொல்லித்தான் என்னோடு சண்டை பிடித்தாய். "அப்பா, உங்களை உள்ளே விட்டது லிபரல் கட்சி இல்லை, கன்சர்வேட்டிவ்" என்றாய். நான் வாயைத் திறக்கவிடாமல் 2010ஆம் ஆண்டைத் தூக்கிப் போட்டேன்: சன் சீ கப்பலில் வந்த 492 தமிழ் அகதிகளை ஹார்ப்பரின் கன்சர்வேட்டிவ் அரசாங்கம் எப்படி நடத்தியது என்று. அது உண்மை. அதை மறக்கவும் மாட்டேன். ஆனால் உனக்குப் பதில் அது அல்ல. இங்கே சும்மா படுத்திருந்து யோசிக்கும்போது அது தெரிகிறது. 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் கரை சேர்த்தபோது பிரதமராக இருந்தவர் மல்ரோனி. அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. 1989இல் நான் வந்து இறங்கியதும் அவருடைய நாட்டில்தான்.

அப்படியிருக்க நான் ஏன் லிபரல்? இதுவரை யாரிடமும் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். 1997 தேர்தலில் என் முதல் வாக்கு. வாக்குச்சாவடி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஊர்க்காரர் திரும்பி, "சிவப்புக்குப் போடு தம்பி" என்றார். சிவப்பு லிபரலின் நிறம். போட்டேன். அந்த முறை ஒன்ராறியோவின் 103 தொகுதிகளில் 101 சிவப்பு. அவர் ஒருவரே சொல்லித் திரிந்தாரோ தெரியாது. அதற்குப் பிறகு பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதுபோல ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒன்று உடைத்து வருகிறேன். ஆகவே பொங்கல் சண்டையில் நீ வென்றாய். எழுத்தில் தருகிறேன், வைத்துக்கொள். ஆனால் ஒக்டோபருக்குள் தேர்தல் வந்தாகவேண்டும். அப்போது ட்ரூடோவின் முகத்துக்கு எதிராக மட்டும் வாக்குப் போட்டால், உன்னுடையதும் என் தேங்காய் மாதிரித்தான். அந்த முகம் இனி அங்கே இருக்காது. உன் கன்சர்வேட்டிவ் தலைவர் பியேர் பொய்லீவ்ர் என்ன செய்வார் என்று சொல்கிறாரோ அதைப் படித்துவிட்டுப் போடு. படித்த பிறகும் அவருக்கே என்றால் எனக்கு வழக்கில்லை.

நேற்று நடந்ததுதான் என்னை இன்னும் அலைக்கழிக்கிறது. டொனால்ட் ட்ரம்ப் புளோரிடாவில் தன் வீட்டில் இருந்துகொண்டு, கனடாவைச் சேர்த்துக்கொள்ளப் படைபலம் வேண்டாம், பொருளாதார பலமே போதும் என்று பேசினார். நவம்பரில் கனடாப் பொருட்களுக்கு 25 வீத வரி என்றபோது பேரம் பேசுகிறார் என்று விட்டுவிட்டோம். நரகத்தில் பனியுருண்டைக்கு எவ்வளவு வாய்ப்போ அவ்வளவுகூட இல்லை என்று ட்ரூடோ பதில் எழுதினார். அம்மா அதை வாசித்துவிட்டு, இந்த மணலில் பனியுருண்டை எத்தனை நிமிடம் நிற்கும் என்று கேட்டுச் சிரித்தாள். வரடேரோக் கடற்கரை வடக்கே பார்த்தது. எதிரே, இருநூறு கிலோமீற்றர்கூட இல்லை, புளோரிடாத் தீவுகள். அங்கே ஒரு மனிதர் பொருளாதார பலம் என்கிறார்; இங்கே நான் அந்தச் சொல்லின் பொருளை வீதியில் பார்க்கிறேன். 1962இல் அமெரிக்கா போட்ட வர்த்தகத் தடை இன்னும் எடுபடவில்லை. அதற்கும் முன் வந்த மோட்டார் கார்கள் இன்னும் ஓடுகின்றன. உல்லாசப் பயணிகள் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். எல்லாவற்றுக்கும் தடையே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். இந்த ஊர் ஆட்சியின் பங்கும் பெரிது. ஒக்டோபரில் நாடு முழுக்க மின்சாரம் செத்த கதையை அறை துப்புரவாக்கும் பெண் சொன்னாள். அம்மா கொண்டுவந்த சவர்க்காரக் கட்டிகளில் ஐந்தை அவளுக்குக் கொடுத்தாள். அவள் ஒன்றை எடுத்து மணந்து பார்த்தாள். காகிதத்தைப் பிரிக்கவில்லை, வெளியிலேயே.

உன் அப்பம்மாவும் அப்படி மணந்து பார்த்திருக்கிறார். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்ட காலம். சவர்க்காரம் இல்லாமல் பனங்காயில் உடுப்புத் தோய்த்தார்கள். மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை. சித்தப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோ மின்சாரத்தில் வானொலி பாடும். அப்பம்மா காதை அதோடு ஒட்டி பிபிசி தமிழோசை கேட்பார். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். என் கடிதங்களுக்கு வரும் பதிலில் பாதிச் செய்தி இருக்கும், மற்றப் பாதிக்குச் சித்தப்பாவுக்குக் கை வலித்திருக்கும். அந்த வீட்டில் பிறந்தவனிடம் ஒரு கிழமை செய்தி பார்க்காதே என்கிறாய்.

சரி. கடைசியில் எழுதுகிறேன் என்றது இதுதான்.

கைபேசியில் படம் நின்ற இடம் எனக்குள்ளும் நின்றுவிட்டது. நாட்டுக்குச் சொல்வதற்கு முந்தின இரவு அந்த மனிதர் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். 2004இல் ஸ்காபரோ வீட்டை விற்றபோது நான் உனக்குச் சொல்லவில்லை. நீ எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூட பஸ்ஸில் இருந்து இறங்கி வந்தவன், முற்றத்துப் பனியில் விற்பனைப் பலகை நட்டிருப்பதைப் பார்த்து, வேறு யாருடையதோ வீடு என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டாய். நான்கு வீடு தள்ளிப் போய்த்தான் திரும்பினாய். நான் யன்னலால் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். இருபது வருடமாக அதைச் சிரிப்புக் கதையாகவே எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறேன், உன் முன்னாலும். நீ ஒருமுறையும் சிரித்ததில்லை என்பது திங்கட்கிழமைதான் மண்டையில் ஏறியது.

வசந்த காலத்தில் ஏஜக்ஸ் வீட்டை விற்கலாம் என்று நானும் அம்மாவும் யோசிக்கிறோம். அவளுக்கு மாடிப்படி ஏற முழங்கால் விடுவதில்லை. ஸ்காபரோவில் லிப்ட் உள்ள கட்டடமாக இரண்டு அறை போதும். முகவரிடம் பேசவில்லை, உன் சித்தப்பாவிடமும் சொல்லவில்லை. உன் ஹொக்கி அட்டைப் பெட்டிகள் மூன்றும் நிலவறையில் அப்படியே இருக்கின்றன, கை வைக்கமாட்டேன். உனக்குச் சம்மதமில்லை என்றால் தொலைபேசியில் திட்டு, கேட்கிறேன். பாராளுமன்றத்தை மார்ச் 24 வரை ஒத்திவைத்திருக்கிறார்கள். நம் வீட்டுச் சபையும் அதுவரை ஒத்திவைப்பு. அதற்கு முன் பலகை நடமாட்டோம்.

விளக்கு அணைந்துவிட்டது. ஜெனரேட்டர் பிடிக்கும்வரை கைபேசி வெளிச்சத்தில் கையெழுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா