பிரிக்காத 120 கிராம்: மரபணு மாற்றப் பயிர்க் கொள்கை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

மரபணு மாற்றக் கடுகு வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். ஆனால் இந்தப் பயிர்களுக்கென்று ஒரு தேசியக் கொள்கை வேண்டும் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். அந்தக் கொள்கையை எழுதுகிற சுற்றுச்சூழல், வேளாண் அமைச்சகத்தாருக்கு இதை எழுதுகிறேன். பெரம்பலூர் மாவட்டத்துக் கரிசலில் மானாவாரிப் பருத்தி போடுகிறவன் நான்.

மரபணு மாற்றம் என்றாலே விஷம் என்று பேசுகிறவர்களில் ஒருவனாக என்னை நினைத்துவிடாதீர்கள். என் அம்மா தினமும் போட்டுக்கொள்கிற இன்சுலின் அப்படி வந்ததுதான். மனித மரபணுவை நுண்ணுயிரிக்குள் வைத்துத் தயாரித்த இன்சுலின் 1982லேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டது. அது இல்லையென்றால் அம்மா இன்று இல்லை.

அப்பாவின் கதை வேறு. புழுவைக் கொல்லும் மரபணுவை உள்ளே வைத்த பிடி (Bt) பருத்தி வருவதற்கு முன்னால் ஒரு பட்டத்துக்குப் பத்து, பன்னிரண்டு தடவை மருந்து அடிப்போம். சப்பை, பூ, காய் என்று எதையும் பச்சைப் புழு விடாது. ஒரு கார்த்திகை மாதம் டேங்கைத் தோளில் மாட்டியபடியே அப்பா வரப்பில் சுருண்டு விழுந்தார். கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் டார்ச் அடித்துக் கண்ணைக் காட்டினார். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அதன்பிறகு டேங்கைத் தொடவில்லை.

அதனால் 2002ல் பிடி பருத்திக்கு அரசு அனுமதி கொடுத்தபோது எங்கள் வீட்டில் யாரும் தயங்கவில்லை. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு செடிக்குள் இருக்கிறது. அது உண்டாக்கும் புரதம், செடியைத் தின்ற புழுவின் குடலில் ஓட்டை போடுகிறது. மனிதக் குடலில் அது ஒட்டிக்கொள்ள இடமில்லை. விதை விலை கையைக் கடித்தது, இருந்தாலும் வாங்கினோம். பச்சைப் புழு ஒழிந்தது. மருந்து அடிப்பது இரண்டு, மூன்று தடவையாகக் குறைந்தது. இதை மறைத்துவிட்டுக் குறை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் சொல்ல வந்தது அந்த விதையோடு வந்த சின்னப் பாக்கெட்டைப் பற்றி.

அந்தக் காலத்தில் 450 கிராம் பிடி விதையோடு 120 கிராமில் பிடி இல்லாத பருத்தி விதைப் பாக்கெட் ஒன்று இருந்தது. பிடி வயலைச் சுற்றி ஐந்து வரிசை, அல்லது மொத்தப் பரப்பில் 20 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அந்த அளவுக்கு அதை நட வேண்டும் என்பது அன்றைய நிபந்தனை. ஏன் என்று அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. ஆயிரக்கணக்கான புழுக்களில் ஒன்றிரண்டு பிடி நஞ்சைத் தாங்கிப் பிழைக்கும். அவை தங்களுக்குள்ளேயே இணைந்தால் அடுத்த தலைமுறை முழுக்க நஞ்சுக்கு அடங்காத புழுவாகிவிடும். பக்கத்துச் சாதாரணப் பருத்தியில் வளர்ந்த அந்துப்பூச்சிகள் ஏராளமாக இருந்தால், பிழைத்த பூச்சி அவற்றோடுதான் சேரும். அந்தக் குஞ்சுகளை நஞ்சு கொன்றுவிடும். அந்த ஐந்து வரிசைதான் மொத்தத் தொழில்நுட்பத்துக்கும் வேலி.

கடையில் கேட்டதற்கு, "அது சும்மா குடுக்கறது, தூக்கிப் போடுங்க" என்றார் கடைக்காரர். துண்டுச்சீட்டில் பொடி எழுத்து. எங்கள் ஊரில் சிலர் அந்த விதையை, முளைக்காத இடங்களில் மறுபடி நட வைத்துக்கொண்டார்கள். பலர் வரப்பில் வீசினார்கள். ஒரு ஏக்கரும் அரை ஏக்கரும் வைத்திருப்பவன் ஐந்து வரிசையைப் புழுவுக்கென்று ஒதுக்குவானா? ஒதுக்கினானா என்று பார்க்க ஒரு அதிகாரியும் எங்கள் வயலுக்கு வந்ததில்லை.

புழு வந்தது. 2010லேயே, குஜராத்தில் ஒற்றை மரபணுப் பருத்தியை இளஞ்சிவப்புக் காய்ப்புழு வென்றுவிட்டதை அந்த மரபணுவை விற்ற நிறுவனமே ஒப்புக்கொண்டது. சில ஆண்டுகளில் இரட்டை மரபணு விதையும் அதே வழியில் போனது. இந்தியாவில் பிடி மரபணுவை ஏறக்குறைய முழுக்க வீரிய ஒட்டு விதையில்தான் வைத்தார்கள். மாதக்கணக்கில் வயலில் நிற்கும் பயிர் அது, கடைசி வரைக்கும் புழுவுக்குச் சோறு. விதையையும் வருடா வருடம் கடையில்தான் வாங்க வேண்டும்.

தை மாதத்தில் என் வயலில் ஒரு காயைப் பறித்து உடைத்தால் தெரியும். வெளியே பச்சையாக, பருத்து, பார்க்க அழகாக இருக்கும். உள்ளே ஒரு சுளை கறுத்துப்போய், இரண்டு விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் ரோஜா நிறத்தில் அரை அங்குலப் புழு. உள்ளேயே கிடப்பதால் மருந்தும் அதன்மேல் படாது. படாது என்று தெரிந்தும் அடிக்கிறோம். 2017ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் மருந்து அடித்ததில் 20க்கும் மேற்பட்ட உழவர்களும் கூலிக்காரர்களும் செத்தார்கள். அதைச் செய்தியில் கேட்ட அன்று அப்பா சாப்பிடவில்லை.

அமெரிக்காவில் 2015ல் ஒரு மரபணு மாற்ற சால்மன் மீனுக்கு அனுமதி கொடுத்தார்கள். கடலுக்குத் தப்பிவிடக் கூடாது என்று நிலத்தில் தொட்டி கட்டி, மலடாக்கிய பெண் மீன்களாக மட்டும் வளர்க்கச் சொன்னார்கள். நிபந்தனையின் பாரம் முழுக்க நிறுவனத்தின் தலையில், அது சரியாக நடக்கிறதா என்று பார்க்கவும் ஆள் இருந்தார்கள். எங்கள் பருத்திக்கு 120 கிராம் பாக்கெட்டும் கடைக்காரரின் வாய்வார்த்தையும்தான்.

இப்போது நெல் வருகிறது. 2025 மே மாதம் மரபணு திருத்திய இரண்டு ரகங்களை அறிவித்தீர்கள். அதில் 'கமலா' என்பது சாம்பா மசூரியைத் திருத்தியது, எங்கள் பக்கம் ஆந்திரா பொன்னி என்று சமைக்கிற அதே அரிசி. வேற்று உயிரின் மரபணு இதில் இல்லை, நெல்லின் சொந்த மரபணுவைத்தான் திருத்தியிருக்கிறார்கள் என்பதால் 2022ன் விதிவிலக்கில் கடுமையான பரிசோதனைப் படிகள் இதற்குத் தளர்த்தப்பட்டிருக்கின்றன. அந்த வாதம் எனக்குப் புரிகிறது, இந்த நெல்லைக் கண்டு எனக்குப் பயமும் இல்லை. 19 சதவீதம் கூடுதல் மகசூல் என்கிறீர்கள். எந்த ஊர் மண்ணில், எத்தனை பருவம், எந்த நோய்க்கு எப்படித் தாங்கியது என்ற கணக்கை விதை வெளியே வருமுன் தமிழில் எங்கள் கையில் கொடுங்கள். அறுவடையில் எடுத்து வைத்த விதையை அடுத்த பட்டத்துக்கு விதைக்கலாம் என்பதையும் எழுத்தில் கொடுங்கள். திருத்தும் கருவியின் காப்புரிமை வெளிநாட்டார் கையில் இருப்பதால்தான் கேட்கிறேன்.

சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நாட்டில் விளையும் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பிடி. அதன் கொட்டையை ஆட்டித்தான் பசுவுக்கு வைக்கிறோம். மதுரைத் தெருவில் சுக்கும் கருப்பட்டியும் போட்டு விற்கிற பருத்திப்பாலும், கடைப் பருத்திக்கொட்டை எண்ணெயும் அதிலிருந்துதான். கெடுதல் என்று சொல்லவில்லை. பாக்கெட்டில் எழுதியிருந்தால் வேண்டும், வேண்டாம் என்று அவரவர் முடிவு செய்துகொள்வார்கள்.

கொள்கையில் நிபந்தனை என்று எதை எழுதினாலும், அதை வயலில் வந்து பார்ப்பது யார், அதனால் உழவனுக்குக் குறையும் மகசூலை ஈடுகட்டுவது யார் என்று அதே பத்தியில் எழுதுங்கள். ஐந்து வரிசைக்கு அன்று பணம் கொடுத்திருந்தால் நான் கட்டாயம் நட்டிருப்பேன்.

பரணைச் சுத்தம் செய்தபோது அந்தக் காலத்துச் சின்னப் பாக்கெட் ஒன்று கிடைத்தது. எலி ஒரு மூலையைச் சுரண்டியிருக்கிறது, மற்றபடி தைத்த தையல் பிரியவில்லை. இந்த மடலின் தபால் பிரதியோடு அதையும் வைத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பெரம்பலூர் பக்கத்துப் பருத்தி விவசாயி