வீட்டுச் செபத்துக்கு ஓர் ஒழுங்கு: திருகோணமலைப் பங்குகளின் அருட்பணிச் சபைகளுக்குத் திறந்த மடல்

அன்புள்ள பங்குத்தந்தையருக்கும் அருட்பணிச் சபை உறுப்பினர்களுக்கும்,

கிறிஸ்து பிறப்புக்கு முந்தின திருவருகைக் காலம் வந்தால் "குடும்பமாகச் செபியுங்கள்" என்று கோவில்களில் சொல்கிறோம். எப்போது, எதை, எவ்வளவு நேரம் என்று சொல்வதில்லை. ஆர்வத்தோடு தொடங்கும் வீடுகள் முதல் நாளே முழுச் செபமாலை, மன்றாட்டு மாலை, ஓர் அதிகாரம், இரண்டு பாட்டு என்று ஒரு மணி நேரத்துக்கு நீட்டிவிடுகின்றன. இரண்டாம் கிழமையில் பிள்ளைகள் தூங்கி விழுகிறார்கள். பிறகு அம்மா மட்டும் தனியே முழந்தாளிடுகிறார். இதைப் பக்திக்குறைவு என்பது அநியாயம். தூக்க முடியாத சுமையோடு புறப்பட்டவர்கள் வழியில் இறக்கி வைத்தார்கள், அவ்வளவுதான்.

நாங்கள் கேட்பது இரண்டு. ஞாயிறு மாலைகளில் திருப்புகழ்மாலையின் (நாளின் வேளைகளுக்கெனத் திருச்சபை ஒழுங்குசெய்துள்ள செபம்) மாலைச் செபத்தைக் கோவிலில் மக்களோடு சேர்ந்து சொல்லுங்கள். அதையே சுருக்கி, வீட்டில் சொல்ல ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, 100ஆம் எண்ணில், ஞாயிறுகளிலும் பெருவிழாக்களிலும் மாலைச் செபம் கோவிலில் பொதுவில் நடக்க மேய்ப்பர்கள் வழிசெய்ய வேண்டும் என்கிறது. பொதுநிலையினரையும் சொல்லத் தூண்டுகிறது. வாய்க்குப் பழகாத செபத்தைத் தாளை மட்டும் பார்த்து வீட்டில் நிலைநிறுத்துவது கடினம். அதனால்தான் கோவிலில் தொடங்கச் சொல்கிறோம்.

வீட்டில் முதல் நான்கு கிழமைக்கு மாலைச் செபம் மட்டும் போதும், பத்து நிமிடம். சிலுவை அடையாளத்தோடு "இறைவா, எனக்குத் துணையாக வாரும்" என்று தொடங்கி, ஒரு திருப்பாடல் (சங்கீதம்), அன்றைய நற்செய்தி, மரியாவின் பாடல் (லூக்கா 1:46-55), மூன்று மன்றாட்டுகள், ஆண்டவர் கற்பித்த செபம். மன்றாட்டுகளில் ஒன்றாவது அந்த வீட்டைத் தாண்டியதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் செபம் தேவைப் பட்டியலாகச் சுருங்கிவிடும். மாலை வேரூன்றிய பிறகு காலையைச் சேர்க்கலாம். அங்கே சக்கரியாவின் பாடல் (லூக்கா 1:68-79) வரும், நற்செய்தி வேண்டாம், ஆறேழு நிமிடத்தில் முடியும்.

திருப்பாடலை நாளுக்கொன்றாக மாற்ற வேண்டாம். ஒரு கிழமை முழுவதும் ஒன்றையே சொன்னால் எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கும் மனப்பாடமாகும். மாலைக்கு 141, காலைக்கு 63, படுக்கப்போகும்போது 4 அல்லது 91. வெள்ளி காலையில் மட்டும் 51. திருப்புகழ்மாலையின் நான்கு வாரச் சுற்றிலும் வெள்ளிக் காலைக்கு அதுவே வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு சிக்கல் இருக்கிறது. வுல்காத்தா என்ற பழைய இலத்தீன் விவிலியத்தின் எண்முறைப்படி அச்சான பழைய புத்தகங்களில் பெரும்பாலான பாடல்களின் எண் ஒன்று குறைவாக இருக்கும். பேரப்பிள்ளை 91ஐத் திறக்கும்போது அப்பாச்சியின் புத்தகத்தில் அது 90. தாளில் எண்ணோடு முதல் வரியையும் அச்சிட்டால் குழப்பம் தீரும்.

வாசகத்துக்குத் தொடக்க நூலிலிருந்து புறப்படச் சொல்லாதீர்கள். லேவியர் நூலிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். திருவழிபாட்டு நாட்காட்டியின் நற்செய்தியே போதும். பொதுக்காலத்தின் (திருவருகைக் காலம், தவக்காலம் போன்ற தனிக்காலங்கள் அல்லாத வாரங்கள்) கிழமை நாட்களில் 9ஆம் வாரம் வரை மாற்கு, 10 முதல் 21 வரை மத்தேயு, 22 முதல் 34 வரை லூக்கா என்று ஒழுங்காக நகர்கிறது. பகுதியை இருமுறை வாசித்து, இடையில் ஒரு நிமிடம் மௌனம். பிறகு மனதில் நின்ற சொல்லை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், விளக்கம் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறோம். அப்பா விளக்கம் சொல்லத் தொடங்கினால் அது மூன்றாம் நாளே பிள்ளையின் ரியூசன் மார்க்ஸைப் பற்றிய திட்டாக மாறும். செபத்துக்குள் திட்டு நுழைந்த வீட்டில் பிள்ளை அடுத்த நாள் வர மறுப்பது இயல்பு.

இரவில் வலைக்குப் போகும் குடும்பங்களுக்கு இதே நேர ஒழுங்கைத் திணிக்காதீர்கள். திருவழிபாட்டில் ஞாயிறும் பெருவிழாக்களும் முந்தின நாள் மாலையிலேயே தொடங்குகின்றன; கடலுக்குப் போகிறவரின் நாளும் அப்படித்தான். வள்ளம் இறக்கப் புறப்படுமுன் வீட்டாரோடு மாலைச் செபம். இரவுச் செபம் உறங்கப்போகுமுன் சொல்வது, நள்ளிரவு தாண்டினாலும் அதற்குத் தடையில்லை. கரை திரும்பி, மீன் விற்று, விடிந்தபின் படுக்கிறவர் அப்போதே சொல்லலாம். அதில் ஐந்து நிமிட ஆன்ம சோதனை: முதலில் நன்றி, பிறகு ஒளி கேட்பது, எழுந்தது முதல் நேரம் நேரமாக நாளைப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கு ஒரு தீர்மானம். நன்றியை விட்டுவிட்டுக் குற்றங்களை மட்டும் எண்ணுகிறவர்கள்தான் விரைவில் சோர்ந்து இதைக் கைவிடுகிறார்கள்.

தவறிய செபத்தை அடுத்த வேளையில் சேர்த்துச் சொல்லச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு வேளைச் செபமும் அந்த வேளைக்கு உரியது. கடன் ஏறினால் மூன்று நாளில் ஆள் ஒளிந்துகொள்வார். நேரத்தையும் கடிகாரத்தோடு கட்டாமல், காலைத் தேநீருக்கு முன், விளக்குப் போட்டதும் என்று வீட்டில் ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு கட்டச் சொல்லுங்கள். நாட்காட்டியை போனில் பார்க்கிறவர்கள் வாசகத்தை முன்கூட்டியே தாளில் குறித்துவிட்டு, போனை அடுத்த அறையில் வைக்கட்டும்.

மரியாவுக்கு வானதூதர் அறிவித்ததை நினைவுகூரும் மூவேளைச் செபத்துக்கு மணி அடிப்பது நின்றுபோன கோவில்களில் காலை 6, நண்பகல் 12, மாலை 6 என்று மீண்டும் அடியுங்கள். சந்தையில் நிற்பவருக்கும் இரண்டு நிமிடம் கிடைக்கும்.

நான்கு கிழமை கழித்து அன்பியக் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) கூட்டங்களில் எங்கே தடைப்பட்டது என்று மட்டும் கேளுங்கள். எத்தனை வீடு செபித்தது என்று கணக்கெடுத்துப் பலிபீடத்தில் வாசிக்க வேண்டாம். தாள் ஒரே பக்கத்தில், முதியவர்களும் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில் இருக்கட்டும். உப்புக்காற்றில் காகிதம் சுருளும். லமினேட் செய்தே கொடுங்கள்.

இங்ஙனம்,
மறைக்கல்விப் பணியில் உள்ள சிலர்,
திருகோணமலை