உடுக்கையை எந்தப் பெட்டியில் போடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், இசையில் செயற்கை நுண்ணறிவு பற்றிய கட்டுரையில் ஒரு வரி: ‘இனி மிக்ஸிங்குக்கு ஆளே தேவையில்லை.’ பதிவு செய்த குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துச் சேர்க்கிற வேலைதான் மிக்ஸிங். கோபிசெட்டிபாளையத்தில் 22 வருடமாகச் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறவன் நான். செவ்வாய்க்கிழமை ஒருவர் அந்தப் பக்கத்தைக் கையோடு கொண்டுவந்து, “ஏனுங்ணா, பேப்பர்லயே போட்டிருக்குதுங்க, நீங்க மட்டும் ஏனுங்க நாலாயிரம் கேக்கறீங்க?” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கணினிக்கு நான் எதிரியில்லை. பீட்டில்ஸ் என்ற ஆங்கில இசைக் குழுவின் ஜான் லெனான் வீட்டில் பியானோவோடு பாடி வைத்த பழைய கேசட்டில் குரலைத் தனியே எடுக்க முடியாமல் குழுவின் மற்ற மூவரும் 1995இல் கைவிட்டார்கள். பிறகு கணினி பிரித்துக் கொடுத்தது. 2023 நவம்பரில் அந்தப் பாட்டு, ‘நவ் அண்ட் தென்’, வெளியானது. இது உங்களுக்கும் தெரியும், கட்டுரையிலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டை மிக்ஸ் செய்தவர் ஸ்பைக் ஸ்டென்ட் என்கிற மனிதர் என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

என் அனுபவத்தையும் சொல்கிறேன். எங்கள் கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணமார் கதையை உடுக்கை அடித்துப் பாடிய ஒரு பெரியவரின் 1988ஆம் வருடக் கேசட்டைப் பேரன் கொண்டுவந்தார். கோயில் திடலில் பிடித்தது, பாட்டுக்கு மேலே ஜெனரேட்டர் இரைச்சல். மென்பொருளில் போட்டேன். அரை மணி நேரத்தில் இரைச்சல் போய்விட்டது. தாத்தாவின் குரலைக் கேட்டுப் பேரன் அழுதுவிட்டார், எனக்கும் கண் கலங்கியது.

அப்புறம் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டேன். அந்த மென்பொருள் பாட்டை நான்கு பெட்டியாகப் பிரிக்கும்: குரல், டிரம்ஸ், பாஸ் என்கிற கனமான கீழ்ச்சுருதிக் கருவி, மீதி. உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அழுத்தினால் சத்தம் மனிதர் விம்முவதுபோல் ஏறி இறங்குமே, அதைக் குரல் என்று நினைத்துக் குரல் பெட்டியில் போட்டுவிட்டது. அடி மட்டும் டிரம்ஸில். பெரியவர் பாட்டை நிறுத்தி உடுக்கையை மட்டும் அழவிடும் இடத்தில் பாதிச் சத்தம் எதிலுமே இல்லை, ஜெனரேட்டரோடு சேர்த்துத் துடைத்துவிட்டது. மூல கேசட்டிலிருந்து அந்த இடங்களைக் கையால் எடுத்து ஒட்ட எனக்கு மூன்று ராத்திரி ஆனது. இப்படிப் பிரிக்கும் மென்பொருள்களைப் பழக்கப் பலரும் பயன்படுத்துகிற எம்யூஎஸ்டிபி18 தொகுப்பில் 150 பாட்டு, பெரும்பாலும் மேற்கத்திய பாப்பும் ராக்கும்தான். அதற்கு உடுக்கை எப்படித் தெரியும்? தெரிந்த ஆள் பக்கத்தில் உட்கார வேண்டாமா?

வள்ளி கும்மிப் பதிவிலும் இதே கதை. கைதட்டலை இரைச்சல் என்று அமுக்கிவிட்டது. கைதட்டல் போனால் அப்புறம் என்ன கும்மி?

இவ்வளவு எழுதிய பிறகு மனதில் கிடப்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு, துடும்பு என்கிற எங்கள் பக்கத்துத் தோல்கருவியை அடித்து ஆடும் துடும்பாட்டப் படத்துக்குக் கீழே ‘டிரம்ஸ் வாசிக்கும் கலைஞர்கள்’ என்று போட்டீர்கள். திருத்தம் கேட்டு எழுதினேன், பதிலில்லை. போன மாசியில் எங்கள் கும்மிப் பாடல்கள் வெளியான செய்தியில் பொன்னாடை போர்த்தியவர் பெயர்கள் ஆறு வந்தன. பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஆசான் பெயர் இல்லை. பதிவு செய்தவன் பெயரை நான் எதிர்பார்க்கவே இல்லை. 22 வருடத்தில் ஒரு முறைகூட வந்ததில்லை. பெயரே போடாத ஆளைத் தேவையில்லை என்று எழுதுவது சுலபமாகத்தான் இருந்திருக்கும்.

நான் கேட்பது இரண்டே. அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடுங்கள். இனிமேல் எங்கள் பக்கத்துப் பாட்டு வெளியாகும் செய்தியில் ஆசான் பெயரையும் பதிவு செய்தவர் பெயரையும் சேருங்கள். இரண்டு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவாளர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.