மைக்கில் வாசித்த பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடும்பங்களும் சபைகளும் தினமும் செய்யக்கூடிய சின்னச் சின்ன உதவிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்க வாட்ஸ்அப் குழுவில் அதை முதலில் போட்டதே நான்தான். ஆனால் ராத்திரி படுத்த பிறகு அதில் ஒரு வரி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. செய்கிற உதவியைப் படம் எடுத்துப் பகிருங்கள், பார்க்கிறவர்களுக்கும் செய்யத் தோன்றும் என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். மற்ற யோசனைகளில் எனக்குச் சண்டை இல்லை.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, வேலூர் காட்பாடியில் இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கள் சங்கத்தில் விதவைகளுக்கு ஆளுக்கு ஒரு புடவையும் அஞ்சு கிலோ அரிசியும் கொடுப்பதாக முடிவு செய்தோம். பட்டியல் போட்டது நான். டீச்சர் என்பதால் குரல் நன்றாக இருக்கும் என்று மைக்கையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். ஆராதனை முடிந்ததும் ஒவ்வொரு பெயராக வாசித்தேன், ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள், ஜனங்கள் கை தட்டினார்கள், எனக்கும் மனசு நிறைந்துதான் இருந்தது. அதில் ஓர் அக்கா அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது வாரம் உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லி, பக்கத்துக் கடையில் பால் வாங்கி வரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்துவிட்டு, ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், நான் தாலி அறுத்தவள்னு ஊருக்கே தெரியும். அதை மைக்குல வேற சொல்லணுமா?"

டீ தொண்டையில் இறங்கவில்லை. வாசித்த அந்தக் குரல் என்னுடையது, வேறு யார்மேலும் பழி போட முடியாது.

அன்றைக்கு வீடு திரும்பும்போது எங்கள் அம்மாவின் நினைப்புதான். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும், அறுபதுகளின் கடைசி, கலவை பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தோம். வட ஆற்காட்டில் அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், முக்கால்வாசி நாள் கேழ்வரகுக் களிதான், அதுவும் கீரைக் கடைசலோடு கிடைத்தால் விருந்து. அரிசி பொங்குகிற நாளில் அம்மா உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து அடுப்பங்கரை மூலையில் இருந்த சட்டியில் போடுவார். களி கிண்டும் நாளில் மாவில் ஒரு பிடி. பிடி அரிசி என்று அதற்குப் பெயர். பழைய கிறிஸ்தவக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. சனிக்கிழமை சங்கத்து அம்மாக்கள் வந்து எல்லா வீட்டிலும் வாங்கிக்கொண்டு போவார்கள், அது கோயில் செலவுக்கும் சபை ஊழியக்காரர் வீட்டுக்கும் போகும். இது எல்லோருக்கும் தெரிந்த சட்டி.

தெரியாத சட்டி ஒன்றும் இருந்தது. அதில் சேருவதை இருட்டின பிறகு ஒரு படியில் கொட்டி, துணி போட்டு மூடி, என் கையில் கொடுத்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்கு அனுப்புவார். அந்த வீட்டுக்காரர் கட்டிட வேலையில் கீழே விழுந்து படுத்த படுக்கையாக இருந்தார். போய் என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் அம்மா சொல்லித்தான் அனுப்புவார்: "போன வாரம் உங்ககிட்ட வாங்கின கைமாத்தை அம்மா குடுக்கச் சொன்னாங்க." நாங்கள் அவர்களிடம் எதுவுமே வாங்கினதில்லை. அது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் அந்த அம்மாள் முகம் மாறாமல் "அட, அதுக்குள்ள என்ன அவசரம்னு சொல்லு" என்று வாங்கிக் கொட்டிக்கொண்டு, காலிப் படியில் முருங்கைக் கீரையோ நாலு எலுமிச்சம்பழமோ போட்டுத் திருப்பி அனுப்புவார். இரண்டு பெண்களுமாகச் சேர்ந்து ஒரு பொய்யை அத்தனை மாதம் காப்பாற்றினார்கள். பொய் சொல்லக்கூடாது என்று ஞாயிறு பள்ளியில் படித்துவிட்டு வந்து நான் ஒருநாள் அம்மாவிடம் சண்டையே போட்டேன். அம்மா சிரித்துவிட்டு, "நீ போய்க் குடுத்துட்டு வா" என்றார், அவ்வளவுதான்.

பெரியவளானதும் வேதாகமத்தில் ரூத்தின் சரித்திரத்தை நிதானமாகப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது, வயலுக்குச் சொந்தக்காரரான போவாசும் அதைத்தான் செய்தார். கதிர் பொறுக்க வந்த ரூத்தைக் கூப்பிட்டு ஒரு மூட்டையைத் தூக்கிக் கொடுத்திருக்கலாம், வசதி இருந்தது. அவரோ அறுக்கிறவர்களிடம் ரகசியமாக, வேண்டுமென்றே கொஞ்சம் சிந்திவிடுங்கள், அவள் பொறுக்கிக்கொள்ளட்டும், அதட்டாதீர்கள் என்று சொல்லி வைத்தார். அவள் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோனது அவள் குனிந்து பொறுக்கிய கதிர்.

வேலூரில் உட்கார்ந்து இதை எழுதும்போது டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மாவை விட்டுவிட முடியாது. அந்தக் கதை இங்கே குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்தவர், பெற்றோரைப் பார்க்கத் திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கதவைத் தட்டினார்கள், பிரசவ வேதனையில் கிடக்கும் மனைவியைக் காப்பாற்ற வா என்று. நான் வைத்தியம் படிக்கவில்லை, அப்பா டாக்டர், அவர் வருவார் என்று சொன்னதற்கு மூவருமே மறுத்துவிட்டுப் போனார்கள், ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று. விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். பிரசங்கங்களில் இதை அழைப்பின் கதையாகச் சொல்வார்கள், சரிதான். எனக்கு மட்டும் இதில் வேறொன்று கண்ணில் படுகிறது. அன்றைக்கு உதவி இல்லாமல் இல்லை, வாசலிலேயே இருந்தது, ஆனால் அவர்கள் வாங்கிக்கொள்ளக்கூடிய உருவத்தில் அது இல்லை. ஐடா அம்மா அந்த ஆண்களைத் திட்டிக்கொண்டு உட்காராமல், போய் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்து 1900-ல் ஒரே ஒரு கட்டில் போட்டு இங்கே வைத்தியம் ஆரம்பித்தார். அதுதான் இன்றைக்கு சி.எம்.சி., கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி.

சரி, நாங்கள் என்ன மாற்றினோம் என்று சொல்கிறேன். பட்டியல் இப்போது இரண்டே பேருக்குத் தெரியும். கையில் மூட்டை கொடுப்பதை நிறுத்திவிட்டோம். தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் போய் அந்த வீட்டு நோட்டில் இருக்கிற பாக்கியைக் கட்டிவிட்டு வருகிறோம், யார் கட்டினது என்று கேட்டால் கணக்குத் தப்பாக எழுதிவிட்டேன் என்று அவரே சமாளித்துக்கொள்கிறார், நல்ல மனுஷன், சபைக்காரர்கூட இல்லை. பள்ளிக்கூடத்துப் பணத்தை நேராகப் பள்ளியில் கட்டுகிறோம். அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த காய்கனிகளை ஏலம் விடும்போது ஒரு பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்க்கு எடுத்துப் பெருமைப்படும் அண்ணன்மார் எங்கள் சபையிலும் உண்டு, அது சந்தோஷமான கூத்து, அதில் குறை சொல்ல மாட்டேன். கமிட்டியில் ஒருவர் மட்டும், படம் இல்லாவிட்டால் வெளியூரிலிருந்து பணம் அனுப்புகிறவர்கள் நம்பமாட்டார்களே என்றார். நியாயமான கேள்விதான். ரசீது உண்டு, நோட்டு உண்டு, தணிக்கை உண்டு, வாங்கினவர் முகம் எதற்கு என்று கேட்டேன். ஒருவர் பணம் அனுப்புவதை நிறுத்தினார். மற்றவர்கள் அனுப்புகிறார்கள்.

ஆஸ்பத்திரி விஷயமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் அன்பு என்று எதையாவது செய்ய நினைத்தால் அது பாதி நேரம் ஆஸ்பத்திரியில்தான் போய் முடிகிறது. என் வீட்டுக்காரர் ஒரு தடவை பதினொரு நாள் படுத்திருந்தார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அன்பானவர்கள். ஹார்லிக்ஸ் மட்டும் ஏழு பாட்டில் சேர்ந்தது. ஒரு சகோதரர் கட்டில் பக்கத்தில் நின்று இருபது நிமிஷம் ஜெபித்தார், பாவம் இவர் பெட்பேன் கேட்க முடியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், ஜெபத்தின் நடுவில் எப்படிக் குறுக்கிடுவது? எட்டாம் நாள் சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா வந்தார். என்ன வியாதி, எவ்வளவு ஆச்சு, எதுவும் கேட்கவில்லை. நோயாளியோடு தங்குகிறவருக்குத் தரும் அட்டெண்டர் பாஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ போய்த் தூங்கிட்டு, குளிச்சிட்டு, காலையில வா" என்றார். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கால் நீட்டிப் படுத்தேன். இப்போது எங்கள் சபையில் யாராவது அட்மிட் ஆனால் முதலில் போடுவது ராத்திரி யார் கூட இருப்பது என்ற முறை. பழம் அப்புறம்.

சி.எம்.சி.யில் வைத்தியம் பார்க்கக் காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கும் வங்காளத்துக் குடும்பங்களுக்கும் இதே கதைதான். காந்தி ரோடு பக்கம் போனால் வங்காள எழுத்தில் பலகை வைத்த கடைகளும், அடுப்போடு வாடகைக்கு விடும் லாட்ஜ் அறைகளும் எத்தனை. வாரக்கணக்கில் தங்கியிருக்கிற அவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோனால் நம் சாம்பார் அவர்களுக்கு ஆகவில்லை, வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். எங்கள் வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன் இந்தி தெரிந்தவன், என்னதான் வேண்டும் என்று கேட்டதற்கு, எந்தக் கவுன்ட்டருக்கு எந்தக் காகிதத்தோடு போவது என்று கூட வந்து காட்டினால் போதும் என்றார்கள். கேட்டிருந்தால் முதல்நாளே தெரிந்திருக்கும். அதேபோல ரத்தம். ஊரில் சொந்தக்காரர் இல்லாதவர்கள் ரத்தத்துக்கு யாரிடம் போவார்கள்? ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். ரத்தப் பையில் கொடுத்தவர் பெயரை ஒட்டி யாரும் போட்டோ எடுப்பதில்லை என்பதால் எனக்கு அந்தத் தானம் ரொம்பப் பிடிக்கும்.

ரம்ஜான் மாதம் முழுக்க எங்கள் தெருவில் பள்ளிவாசலில் இருந்து நோன்புக் கஞ்சி வாங்கிக் குடிக்காத வீடு கிடையாது, தூக்குவாளியோடு போனால் ஊற்றுவார்கள், நீ யார், ஏழையா என்று ஒருவரும் கேட்பதில்லை. வசதியுள்ளவனும் வாங்குவதால் இல்லாதவனுக்குக் கூச்சம் இல்லை. நம் சபைகளும் அந்த வரிசையைக் கொஞ்சம் பார்த்துப் பழகலாம்.

நான் மைக்கில் பெயர் வாசித்த அந்த அக்கா திரும்பக் கோயிலுக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இப்போது எங்கள் பட்டியலை வைத்திருக்கும் இரண்டு பேரில் அவர் ஒருவர், யாருக்கு எதை எப்படிக் கொடுத்தால் வாங்குவார்கள் என்பது எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் தெரிகிறது. கடிதத்தைப் படித்துவிட்டு எந்தச் சபை, எந்த அக்கா, பேட்டி எடுக்கலாமா என்று கேட்டு யாரையும் அனுப்பிவிடாதீர்கள். போன தடவை பெயரை வாசித்தது போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காட்பாடி.