உச்சி அகலமாகிறதா? எண்ணெய் காய்ச்ச முன் காரணத்தைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் பெண்கள் பக்கத்தைப் பல வருடங்களாக விடாமல் வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சமையலை முடித்துவிட்டு முதலில் எடுப்பதே அந்தப் பக்கத்தைத்தான். முடி கொட்டுவதற்குச் சின்ன வெங்காயச் சாறு, செவ்வரத்தம் பூ, வெந்தயம், கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய எண்ணெய் என்று குறிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன, ஒன்றைக்கூட நான் செய்து பார்க்காமல் விட்டதில்லை. ஆனால் முடி ஏன் மெலிகிறது, எப்போது வைத்தியரிடம் போக வேண்டும் என்று ஒரு வரி வந்ததாக எனக்கு நினைவில்லை. அதைக் கேட்டுத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 48, வெள்ளவத்தையில் இருக்கிறோம். கலியாணமான நாளில் இருந்து உச்சியில் குங்குமம் வைப்பவள் நான். நடு உச்சி பிரித்தால் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடுதான் தெரியும், மோதிரவிரலால் குங்குமத்தைத் தொட்டு வைத்தால் இரண்டு பக்க முடியிலும் கொஞ்சம் பட்டு நிற்கும். நாலு வருடத்துக்கு முன் ஒரு நாள் காலையில் கண்ணாடியில் பார்க்கிறேன், குங்குமம் முழுக்கத் தோலிலேயே இருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரு முடிகூடத் தொடவில்லை. காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது உச்சந்தலை சுடுவதும், இரண்டு சுற்றில் நின்ற இறப்பர் பட்டி இப்போது நாலு சுற்றுக் கேட்பதும் ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. சீப்பில் வழக்கத்தைவிட அதிகமாக முடி வந்ததே இல்லை. அதனால்தான் அவ்வளவு நாளும் தெரியாமல் போயிருக்கிறது.

பிறகு எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். பக்க உச்சி எடுத்து மறைத்தேன், கோயிலில் தலைகுனிந்து கும்பிடவே கூச்சப்பட்டேன். மாமி கொழும்புத் தண்ணிதான் காரணம் என்றார், வேலை செய்யும் இடத்தில் ஒருவர் கண்ணூறு என்றார். வெங்காயச் சாறு பூசி உச்சந்தலை எரிந்து சிவந்ததுதான் மிச்சம். கடைசியில் நகரத்தில் ஒரு முடி பராமரிப்பு நிலையத்தில் பன்னிரண்டு தடவைக்கு என்று முற்பணமாக ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டினேன். அங்கே சின்னக் கமரா வைத்துத் தலையை ஐந்து நிமிடம் பார்த்தார்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, வீட்டில் வேறு யாருக்கும் இப்படி உண்டா, ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்தக் கேள்விகள்தான் முக்கியம் என்று அப்போது எனக்கும் தெரியாது.

தெரிய வந்தது மகளால். போன வருடம் அவளுக்கு டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். சுகமாகி வீட்டுக்கு வந்து மூன்றாவது மாதம் முடி கொட்டத் தொடங்கியது பாருங்கள், தலையணையில், சோற்றுக் கோப்பையில், குளியலறை வடிகாலில் பந்து பந்தாக. ஷாம்பூவை இரண்டு தரம் மாற்றினோம். பயந்துபோய்த் தோல் நோய் நிபுணரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "மூன்று மாதத்துக்கு முன் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏதும் வந்ததா?"

அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். ஒரு முடி சில வருடங்கள் வளரும், மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர். பிறகு இரண்டு மூன்று மாதம் வளராமல் ஓய்வில் இருந்து விழும், அந்த வேரிலிருந்து புதியது முளைக்கும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை விழுவது எல்லாருக்கும் உள்ளதுதான். கடும் காய்ச்சல், பிள்ளைப்பேறு, சத்திரசிகிச்சை, பட்டினி கிடந்து உடம்பைக் குறைப்பது, பெரிய மன அதிர்ச்சி என்று எது வந்தாலும் ஏராளமான முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும், விழுவதோ இரண்டு மூன்று மாதம் கழித்து. அதற்குள் காய்ச்சலை நாங்கள் மறந்திருப்போம், பழி ஷாம்பூவுக்குப் போகும். வேர் சாகாததால் இது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கி, முடி திரும்ப வளரும். மகளுக்கும் அப்படித்தான், இப்போது நெற்றி ஓரத்தில் குட்டி குட்டியாகப் புது முடி நிமிர்ந்து நிற்கிறது.

அவளைப் பார்த்து முடித்துவிட்டு, "அம்மா, உங்கள் உச்சியையும் கொஞ்சம் பார்க்கலாமா?" என்றார் வைத்தியர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

என்னுடையது வேறு வகை. கொத்தாகக் கொட்டாது. ஒவ்வொரு முறை முளைக்கும்போதும் முடி முன்னையதைவிட மெல்லியதாக, குட்டையாக வரும். நெற்றி ஓரம் பெரும்பாலும் அப்படியே இருக்க, நடு உச்சி மட்டும் அகன்றுகொண்டு போகும். லுட்விக் என்ற தோல் வைத்தியர் 1977இலேயே இதை மூன்று படிகளாகப் பிரித்து எழுதியிருக்கிறார், அவ்வளவு தெரிந்த ஒரு நிலை இது. பரம்பரையும் வயதும் சேர்ந்த விஷயம், மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டிப் பலருக்குத் தெரியவரும். அம்மம்மாவின் கொண்டை கடைசிக் காலத்தில் எலுமிச்சம்பழம் அளவில் இருந்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அதோடு விடாமல் இரத்தப் பரிசோதனையும் எழுதித் தந்தார். ஹீமோகுளோபின் சரியாக இருந்தது, ஆனால் பெரிட்டின் என்கிற இரும்புச் சேமிப்பு மிகவும் குறைவு. ஹீமோகுளோபின் சரி என்றால் இரும்பும் சரி என்று நினைப்பது பிழையாம், சேமிப்பு கரைந்த பிறகுதான் அது இறங்கும். நான் பகல் சாப்பாடு முடிந்த கையோடு பிளேன்டீ குடிப்பவள். தேயிலைச் சாயம் சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும், ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்கள், கீரைக்குத் தேசிக்காய் பிழிந்து சாப்பிடுங்கள் என்றார். தைரொயிட்டும் பார்த்தார்கள், அது கூடினாலும் குறைந்தாலும் முடி போகும். இளம்பிள்ளைகளுக்கு மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போய், முகத்தில் பருவும் முடியும் கூடி, உச்சியும் மெலிந்தால் காலம் கடத்தாமல் சூலகத்தில் நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு எந்த எண்ணெய் என்ன செய்யும்?

எண்ணெயை நான் திட்டவில்லை. தேங்காய் எண்ணெய் முடி உடையாமல் காக்கும், அம்மா கையால் தலைக்கு வைத்துவிடும் சுகமும் வேறு எதிலும் இல்லை. ஆனால் சுருங்கிப்போகிற வேரை அது திருப்பாது.

எனக்குத் தந்த மருந்து மினொக்சிடில், தலையில் பூசுவது. முதலில் இரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்து, எடுத்தவர்களுக்கு முடி வளர்ந்ததால் தலைக்கு வந்தது. அமெரிக்காவில் 1991இலேயே பெண்களுக்கென்று அனுமதித்துவிட்டார்கள். முப்பத்து நாலு வருடத்துக்கு மேல் ஆகியும் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அதன் பெயர்கூடத் தெரியாது! பூசத் தொடங்கிய முதல் வாரங்களில் முடி இன்னும் கூடுதலாக விழுந்தது. பழைய முடி இடம் விடுகிறது, பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் போத்தலை எறிந்திருப்பேன். பூசத் தொடங்கி நாலு மாதம் ஆகும்வரை எதையும் எதிர்பார்க்கக் கூடாது. நிறுத்தினால் சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும், அதனால் தொடர்ந்து பூச வேண்டும். நெற்றியில் வழிந்தால் அங்கேயும் பூனை முடி வளரும், எனக்கும் கொஞ்சம் வளர்ந்தது. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் பூசக் கூடாது. முடி கொட்டுவதற்கு ஆண்கள் விழுங்கும் பினஸ்டரைட் குளிசையைக் கணவருடைய பெட்டியில் இருந்து எடுத்துப் போடுகிற விளையாட்டு வேண்டவே வேண்டாம், கருவில் இருக்கும் ஆண் குழந்தைக்கு அது கேடு. எனக்குக் கிடைத்த போத்தலுக்குள் இருந்த தாளில் தமிழில் ஒரு சொல்லும் இல்லை, மகள்தான் வாசித்துச் சொன்னாள்.

பத்து மாதமாகிறது. அம்மனுடைய கூந்தல் மாதிரி வரவில்லை, வரும் என்று வைத்தியர் சொல்லவும் இல்லை. உச்சி அகல்வது நின்று, கொஞ்சம் நெருங்கியிருக்கிறது. குங்குமம் திரும்ப முடியில் படுகிறது.

இன்னும் இரண்டு விஷயம். முடிக்கென்று பாமசியில் கேட்டவுடன் தருகிற பயோட்டின் என்கிற விற்றமின் குளிசை, அந்தச் சத்துக் குறைபாடு உள்ளவர்கள் மிக அரிது. அதிக அளவில் எடுத்தால் தைரொயிட் பரிசோதனையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கச் செய்யும் இரத்தப் பரிசோதனையும் பிழையான முடிவு காட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2017இல் எச்சரித்தது. எடுப்பவர்கள் வைத்தியரிடம் அதைச் சொல்ல வேண்டும். மற்றது, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இரட்டைப் பின்னல். காலை அவசரத்தில் கண் இழுபடும் அளவுக்கு இறுக்கி ரிபன் கட்டுகிறோம், பரதநாட்டிய வகுப்பு என்றால் சவுரி வேறு. வருடக்கணக்காக இழுபட்டால் நெற்றி ஓரத்து வேர் ஒரேயடியாகச் செத்துவிடும், அதற்கு மருந்தும் பலிக்காது. தளர்வாகப் பின்னிவிடுங்கள், பாடசாலை அதிபர்மாரும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, கொழும்பில் தேசிய வைத்தியசாலையிலேயே தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரி, கட்டணம் இல்லை. ஆனால் முடிக்காக அங்கே போகலாம் என்று எங்கள் பெண்களுக்கு யாரும் சொல்வதில்லை, போனாலும் "இதுக்கெல்லாமா வந்தீர்கள்" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். பெண்கள் பக்கத்தில் மாதத்துக்கு ஒரு முறையாவது ஒரு தோல் நோய் நிபுணர் தமிழில் பதில் எழுத இடம் கொடுங்கள். எங்கள் மாடிக் குடியிருப்பில் ஒரு பிள்ளைக்குக் குழந்தை பிறந்து நாலு மாதம். முடி கொட்டுகிறது, பால் கொடுப்பதால்தான் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பால் கொடுப்பதை நிறுத்தப் பார்க்கிறாள். பால் காரணமில்லை, பிள்ளைப்பேறுக்குப் பிறகு ஹோர்மோன் இறங்குவதால் கொட்டுவது அது, தானாக அடங்கும். நான் சொன்னால் நம்புகிறாள் இல்லை, பத்திரிகையில் வந்தால் நம்புவாள். அவளுடைய கேள்விக்கான பதிலை முதலில் போடுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி ஒருவர்