ஆறாம் மாடியிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

உங்கட கடிதம் வந்து மூண்டு கிழமை. தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு வரியும் எழுதேல்லை எண்டு கோவிச்சது நியாயம்தான். நான் சுகம். குளிர்தான் கடும், காலுறை ரெண்டு சோடி போட்டுத்தான் படுக்கிறன். பாரிஸில எங்கட கடையள் இருக்கிற லாச்சப்பலில சிவப்பரிசி மா கிடைக்குது. புட்டு உதிரியா வருது, தேங்காய்ப்பூ மட்டும் ஐஸ் கட்டின பைக்கற்றில.

கேமில வாற 'டஞ்சன்' எண்டா என்னெண்டு குட்டி கேட்டவனெல்லே? பக்கத்து அறைக் கிழவரைக் கேட்டன். பழைய சரித்திர வாத்தியார். நீட்டுப் பாணைக் கக்கத்தில வைச்சுக்கொண்டு ஆறு மாடியும் நடந்து ஏறுற மனிசன். வாயால சொன்னாக் காணாதெண்டு, மெட்ரோ முதலாம் லைனில கடைசித் தரிப்புக்கு என்னை இழுத்துக்கொண்டு போயிட்டார். வன்சேன் கோட்டை. 50 மீட்டர் உயரக் கோபுரம், சுவர் 3 மீட்டர் தடிப்பு. "இதுதான் டொன்ஜொன்" எண்டு மேல கையைக் காட்டினார். டஞ்சன் எண்டா நிலத்துக்குக் கீழ இருக்கிற சிறை எண்டு நினைச்சு நான் கீழ பாதாளத்தைத் தேடிக்கொண்டு நிக்கிறன்!

லத்தீனில 'டொமினுஸ்' எண்டா எசமானாம். எசமான்ர கோபுரம், அதுதான் டொன்ஜொன். 14ஆம் நூற்றாண்டில பிரான்ஸ் ராசா ஐந்தாம் சார்ல்ஸ் இருந்த இடம். பிறகு சிறையாக்கிப் போட்டினம். 1749இல எழுத்தாளர் திதரோவை வன்சேனில அடைக்க, அவற்ற கூட்டாளி எழுத்தாளர் ரூசோ பாரிஸிலிருந்து நடந்துபோய்ப் பாத்தவராம். இந்தப் பிரெஞ்சுச் சொல்லை 'டஞ்சன்' ஆக்கி நிலத்துக்குக் கீழ இறக்கினது இங்கிலீசுக்காரர். எனக்கும் ஆறாம் மாடி, லிப்ட் இல்லை. உங்கட தம்பியும் எசமான்தான்.

மேல ஓட்டையால ஆளை இறக்கிற குழிக்கு இஞ்ச வேற சொல்: ஊப்லியெத். 'ஊப்லியே' எண்டா மறக்கிறது. போட்டிட்டு மறந்திடுறது. கோட்டையளில அப்பிடிக் காட்டுற கன குழியள் உண்மையில கக்கூஸ் குழியாம். குட்டிக்கு அதைச் சொல்லாதேங்கோ, அதையே பிடிச்சுக்கொண்டு நிப்பான்.

திரும்பி வரேக்க கிழவர், "கொம்மாவுக்குக் கடைசியா எப்ப எழுதினனீ?" எண்டார். நான் யன்னலைப் பாத்துக்கொண்டு வந்தன். அம்மா விடிய முத்தம் கூட்டுற ஈர்க்குமாத்துச் சத்தம் அண்டைக்கு முழுக்கக் காதுக்கை நிண்டது.

கிணத்துக்கட்டுக்கு மேசனிட்ட இப்ப அரைவாசி குடுங்கோ. பாங்கில ஏதோ சிக்கல், மிச்சம் மாதக் கடைசியில அனுப்புறன். யோசிக்காதேங்கோ. காணி உறுதியைப் பெரியப்பா கேட்டாலும் குடுக்கவேண்டாம், கொப்பி மட்டும் காட்டுங்கோ. அம்மாவின்ர கண் ஒப்பரேசனுக்கு நாள் குறிச்சவுடன எழுதுங்கோ. அத்தான்ர முழங்காலுக்கு எண்ணெய் வாங்கி வைச்சிருக்கிறன், வாற ஆளிட்டக் குடுத்துவிடுறன்.

அன்புடன்,
தம்பி